காடிலாக் சின்னக் கார் செய்யலாமா?

கார் இழையில் கியர்ப்பெட்டி என்ற பெயரில் ஒருவர் எழுதியது, 2025 பிப்ரவரி 2

ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) சொகுசு பிராண்ட் காடிலாக், எக்ஸ்.டி.4 என்ற சின்ன எஸ்.யு.வி.யை அமெரிக்காவில் நிறுத்திவிட்டது. காடிலாக்கில் இனி பெட்ரோலில் சின்னது என்று மிஞ்சுவது சி.டி.4 செடான் ஒன்றுதான். பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஆடி மூன்றும் சின்னக் காரை வைத்தே ஆள் பிடித்தார்கள். அமெரிக்கக்காரனுக்கு மட்டும் ஏன் அது கைவரவே இல்லை? நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், நல்ல தோல் சீட்டு, நல்ல என்ஜின், மூக்கில் காடிலாக் முத்திரை. செய்தால் நானே வாங்குவேன். செய்யலாமா, கூடாதா?

பிப்ரவரி 2, இரவு, என் பதில்

கூடாது. சிமரான் ஞாபகம் இருக்கட்டும்.

பிப்ரவரி 3

நடிகையா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை, கார். 1981-ல் வந்து 82 மாடலாக விற்றது. ஜி.எம்.மின் ஜே-பாடி. அதே உடம்பில் செவர்லே கவலியர், பான்டியாக் ஜே2000, ஓல்ட்ஸ்மொபீல் ஃபிரென்சா, ப்யூக் ஸ்கைஹாக் என்று நாலு கார். ஐந்தாவதற்குக் காடிலாக் முத்திரை குத்தினார்கள்.

1.8 லிட்டர், நாலு சிலிண்டர், 88 குதிரைத்திறன். 1914-க்குப் பிறகு காடிலாக்கில் நாலு சிலிண்டர் வந்ததே அப்போதுதான். விலை 12,131 டாலர். சாதா கவலியர் அதைவிட நாலாயிரம் டாலருக்கு மேல் குறைவு. அந்தக் காசுக்கு ஏ.சி., தோல் சீட்டு, அலாய் வீல், ரேடியோ எல்லாம் கூடவே வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் வருவது கவலியர் சத்தம். கிளப்பினாலும் அதே.

அப்போது ஜி.எம். பிரெசிடெண்டாக இருந்த பீட் எஸ்டெஸ், காடிலாக்கைப் பார்த்துக்கொண்ட எட் கென்னார்டைக் கூப்பிட்டு, ஜே-காரைக் காடிலாக்காக மாற்ற உனக்கு நேரம் போதாது என்று சொல்லிப் பார்த்தாராம். கேட்கவில்லை. டீலர்களுக்கு அவசரம், பெட்ரோல் விலை ஏறிய காலம். 88 வரை ஓட்டி மொத்தம் 1,32,000 சொச்சம் விற்றார்கள். பல வருஷம் கழித்து ஜான் ஹவல் என்ற காடிலாக் அதிகாரி, மறந்துவிடக் கூடாது என்று எழுதி சிமரான் படத்தைத் தன் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். எதிரி செய்த கார் இல்லை. தங்கள் கம்பெனியே செய்த கார்.

பிப்ரவரி 3, கொஞ்சம் கழித்து

சேலத்துக்காரன் கேட்கிறார்: கிளான்சா என்பதே டொயோட்டா முத்திரை போட்ட பலேனோதானே, ஜோராகத்தானே விற்கிறது?

விற்கிறது. இரண்டின் விலையும் பக்கம் பக்கம். டொயோட்டா ஷோரூம், டொயோட்டா வாரண்டி என்று கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதே பலேனோவுக்கு லெக்சஸ் முத்திரை போட்டு முக்கால் மடங்கு விலை ஏற்றிப் பார்க்கட்டும், அப்போது பேசலாம்.

பிப்ரவரி 5

ஃபோர்டின் சொகுசு பிராண்டான லிங்கனை விட்டுவிட்டாய் என்கிறார் பழையடீசல். விடவில்லை, வெர்சாய்க்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தேன். 1977-ல் ஃபோர்டு கிரனாடாவை எடுத்து, மூக்கும் டிக்கியும் மாற்றி, விலையை ஏற்றி லிங்கன் என்று விற்றார்கள். 80-ல் மூடிவிட்டார்கள். மொத்தம் ஐம்பதாயிரம் சொச்சம்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அதன் பின் ஆக்சில் ஃபோர்டின் 9 அங்குல ரகம், சில ஆண்டு மாடல்களில் டிஸ்க் பிரேக்கோடு. பழைய மஸ்டாங்குக்கு அது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆகவே வெர்சாய் புதுசாக இருந்தபோது சீண்டாத ஆட்கள், அது காயலான் கடைக்கு வந்த பிறகு ஸ்பேனரோடு ஓடினார்கள். கார் தோற்று, ஆக்சில் ஜெயித்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பிப்ரவரி 8

சனிக்கிழமை, வெளியே பனி அள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தேன். "கூடாது" என்று நான் எழுதியதை இன்னொரு தடவை பார்த்தால் அது பாதி பதில்தான் என்று தோன்றுகிறது. ஏனென்றால் 1975 காடிலாக் செவில் இருக்கிறது.

பென்ஸ் வாங்கப் போகிறவனை நிறுத்த வேண்டும் என்று செய்த கார். அடியில் செவர்லே நோவா குடும்பத்து எக்ஸ்-பாடிதான், ஆனால் நீட்டி, திருத்தி, வேறு பெயரே வைக்கிற அளவுக்கு மாற்றினார்கள். மேலே தெரிகிற தகட்டில் நோவாவின் சாயல் ஏதும் இல்லை. ஓல்ட்ஸ்மொபீலின் 5.7 லிட்டர் வி8-ஐ எடுத்து ஃப்யூயல் இன்ஜெக்ஷன் போட்டார்கள். காடிலாக்கின் பெரிய காரான டெவில்லை விட ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு எடை குறைவு.

விலைதான் விஷயம். 12,479 டாலர். லிமோசினைக் கழித்துவிட்டால் அன்றைய காடிலாக்கிலேயே அதிக விலை இதுதான். நீளம் குறைந்த காருக்கு அதிக விலை! டெவில்லைவிட வசதி குறைந்தவனுக்கு இது என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. டெவில் வாங்க முடிந்தும் வேண்டாம் என்கிறவனுக்கு இது என்று சொன்னார்கள். 1976-ல் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

சிமரான் 12,131, ஆறு வருஷம் முன்பு வந்த செவில் 12,479. நடுவில் அமெரிக்காவில் விலைவாசி ஏறிய வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே கம்பெனி, சின்னக் கார் என்ற ஒரே யோசனை. முதல் தடவை மேலே வைத்தார்கள், அடுத்த தடவை கீழே வைத்தார்கள்.

(செவில் நீளம் 5.18 மீட்டர். இதைத்தான் சின்னக் கார் என்றார்கள். இன்றைக்கு கியர்ப்பெட்டி சின்னது என்கிற சி.டி.4-ஐ அளந்து பாருங்கள், 4.76 மீட்டர் வரும். நம் ஊர் இன்னோவா ஹைகிராஸ் நீளம்.)

பிப்ரவரி 9

நேற்று எழுதியதற்கு வால். சிமரான் விற்க ஆரம்பித்த அதே சமயம் ஸ்டுட்கார்ட்டிலும் சின்னக் கார்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1982 கடைசியில் பென்ஸ் 190. பேபி பென்ஸ் என்று கேலி பேசினார்கள். பின் சக்கரத்துக்கு ஐந்து லிங்க் சஸ்பென்ஷன், இந்தக் காருக்கென்று புதிதாக உண்டாக்கியது. பெரிய பென்ஸில் இல்லாத சமாச்சாரம் சின்ன பென்ஸில் வந்தது, பெரியதற்குப் பிறகுதான் ஏறியது. அமெரிக்காவில் இருபதாயிரம் டாலருக்கு மேல். உலகம் முழுக்கப் பதினெட்டு லட்சத்துக்கு மேல் ஓடியது.

டெட்ராய்ட் செய்தது தலைகீழ். மிச்சம் மீதி கீழே இறங்கி வந்தது.

பிப்ரவரி 9, மாலை

பழைய கதையே பேசுகிறேன் என்று புகார். சரி, இன்னும் பழையதற்குப் போகிறேன். பேக்கார்டு, 1935, ஒன்-ட்வென்டி. பொருளாதாரம் படுத்துக் கிடந்த வருஷம், கோடீஸ்வரன் கார் செய்த கம்பெனி ஆயிரம் டாலருக்குக் கீழே ஆரம்பிக்கிற கார் விட்டது. அந்தக் காரால் கம்பெனி பிழைத்தது. அந்தக் காரால்தான் பேக்கார்டின் மதிப்பு போய், பெரிய கார் பக்கம் முழுக்கக் காடிலாக்கிடம் விட்டது என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டை தொண்ணூறு வருஷமாக நடக்கிறது. நான் முதல் கட்சி. செத்துப் போன கம்பெனிக்கு மதிப்பு இருந்து என்ன செய்வது? அதுவும் கடைசியில் 1958-ல் போய்விட்டது என்பதைச் சொல்லி இரண்டாம் கட்சியையும் சமாதானப்படுத்துகிறேன்.

பிப்ரவரி 15

கம்பெனிக்காரன் பக்கமும் பேச வேண்டும். நான் சீட்டு செய்கிற சப்ளையர் கம்பெனியில் சோறு தின்கிறவன். ஊர் டெட்ராய்ட் பக்கம்.

ஒரு டிரைவர் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஃப்ரேம், அடியில் ரயில், நாலைந்து மோட்டார், உள்ளே ஏர்பேக், சூடேற்றும் கம்பி, நுரை, மேலே தோல். கார் ஐந்தரை மீட்டர் ஆனாலும் நாலரை மீட்டர் ஆனாலும் உட்காருகிறவன் இடுப்பு ஒன்றுதான். சீட்டின் விலை குறைவதில்லை. கொஞ்சம் தோல் மிச்சமாகும், அவ்வளவே. மோதல் சோதனை இரண்டுக்கும் உண்டு. மென்பொருள் ஒன்றே. வெல்டிங் ரோபோவுக்கும் அதே சம்பளம். இரும்பு கொஞ்சம் குறையும், ஆனால் ஒரு காரின் செலவில் இரும்பு எவ்வளவு சின்னப் பங்கு என்பது வெளியாருக்குத் தெரியாது.

வாங்குகிறவனோ மீட்டர் கணக்கில் காசு கொடுக்கிறான். சின்னதைச் செய்தால் செலவு கொஞ்சம் இறங்கும், விலை நிறைய இறங்கும். அந்த இடைவெளியை எங்கே பிடிப்பது? எங்களைப் போன்ற சப்ளையரிடம்தான். நுரையைக் கொஞ்சம் மெல்லிசாக்கு, தோலைப் பக்கவாட்டில் மட்டும் ரெக்சினாக்கு, பின்சீட்டுக் கைப்பிடியை எடு. ஒவ்வொரு மீட்டிங்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். கடைசியில் வண்டி வெளியே வரும்போது அதில் எதற்கு அந்த முத்திரை என்று எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

இந்தக் கணக்கு மாறாத வரை, செய்யலாமா என்று கேட்பதே வீண். செய்வார்கள். அரைமனதோடு செய்வார்கள்.

பிப்ரவரி 16

பழையடீசல் போட்ட குண்டு: காடிலாக்கின் பெரிய எஸ்.யு.வி. எஸ்கலேடும் முத்திரை மாற்றிய ஒட்டுவேலைதானே?

ஆமாம், இதற்குப் பதில் யோசிக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகிவிட்டது. லிங்கன் நேவிகேட்டர் 98 மாடலாக வந்து அள்ளிக்கொண்டு போனது. காடிலாக் கையில் எதுவும் இல்லை. அவசர அவசரமாக ஜி.எம்.சி. யூகான் டெனாலியை எடுத்து முத்திரை மாற்றி 99 மாடலாக எஸ்கலேட் என்று விட்டார்கள். சிமரானைவிட நாணமில்லாத வேலை. 98 விற்பனையில் போட்டி எந்த அளவுக்கு என்றால், லிங்கனைவிட நாங்களே அதிகம் விற்றோம் என்று காடிலாக் மார்தட்டி, பிறகு கணக்கு சரியில்லை என்று ஒத்துக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டது.

அப்படியிருந்தும் எஸ்கலேட் ஓடியது. இன்றைக்குக் காடிலாக் என்றாலே பாதிப் பேருக்கு அதுதான். அப்படியானால் ஒட்டுவேலை குற்றமில்லையா?

எனக்குப் படுவது இது. பெரிய காரில் அளவே பாதி விலையைச் சுமக்கிறது. ஏறி உட்கார்ந்து கீழே மற்ற வண்டிகளைப் பார்க்கிறவன் ஏ.சி. பொத்தான் எந்தக் காரிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. சின்னக் காரில் மறைந்துகொள்ள இடமில்லை. கையெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கிறது, எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பான். கல்யாணப் பந்தியில் பதினெட்டு வகையில் ஒரு கூட்டு சொதப்பினால் யாரும் பேச மாட்டார்கள். காபி மட்டும் கொடுக்கிற வீட்டில் டிகாக்ஷன் தண்ணியாக இருந்தால் ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆக, சின்னக் காரில்தான் காடிலாக்காரன் அதிகம் செலவழிக்க வேண்டும். நேற்று எழுதிய கணக்குப்படி அங்கேதான் அவன் கத்தரிப்பான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு நாற்பது வருஷக் கதை முழுக்கப் புரிந்த மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 17

இல்லை, முழுக்க இல்லை. சின்னதாக்கினாலே விழுந்த கதையும் உண்டு. 86-ல் காடிலாக்கின் இரண்டு கதவு எல்டொராடோவைச் சுருக்கினார்கள். விலை குறையவில்லை, எஞ்சின் வி8. முந்தைய வருஷத்தில் பாதிகூட விற்கவில்லை. பார்க்கச் சாதாரண ஜி.எம். கார் மாதிரி இருந்தது என்பதுதான் காரணம். லிங்கன் சும்மா இருக்குமா? ஹோட்டல் வாசலில் கார் எடுத்துக் கொடுக்கிற பையன் எது காடிலாக், எது ப்யூக் என்று தெரியாமல் முழிக்கிற மாதிரி டி.வி. விளம்பரம் போட்டார்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துச் சுருக்கல் எல்லாம் வாங்குகிறவன் கேட்டு நடந்ததில்லை. 1975 சட்டம், கம்பெனியின் கார்கள் சராசரியாக காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்று. 78-ல் 18, 85-ல் 27.5. சிமரான் அந்தச் சராசரிக்கும் உதவியது. அரசாங்கத்துக்காகச் செய்த காரைக் குடும்பத்துக்கு விற்றால் இப்படித்தான்.

பிப்ரவரி 22

காடிலாக்கின் சின்ன செடான் ஏ.டி.எஸ்.-ஐப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்கிறார்கள். திறக்கிறேன், ஆனால் என் கொள்கைக்கு அது இடைஞ்சல்.

2012 டெட்ராய்ட் ஷோவில் காட்டினார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். ஆல்ஃபா பிளாட்ஃபார்ம், சுத்தமாகப் புதியது, பின் சக்கரம் தள்ளுகிற வண்டி. கிராம் கிராமாக எடை குறைத்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். ஜெர்மனியின் நூர்புர்கிரிங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழக்கிய கார். லான்சிங்கில் செய்தார்கள். 2013-ன் வட அமெரிக்கக் கார் விருது கிடைத்தது. ஒட்டுவேலை இல்லை, கஞ்சத்தனம் இல்லை, நான் கேட்டதெல்லாம் செய்தார்கள். முதல் முழு வருஷத்தில் அமெரிக்காவில் 38,000 சொச்சம். அதே வருஷம் பி.எம்.டபிள்யூ.வின் 3 சீரிஸ் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஏ.டி.எஸ். இறங்குமுகம்.

ஏன்? பத்திரிகைகள் எல்லாம் ஒரே குரலில் சொன்னது பின்சீட்டு. ஸ்டியரிங்கைப் புகழ்ந்து இரண்டு பத்தி, பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் வாங்குகிறவன் மனதில் நின்றது. சீனாவில் புரிந்துகொண்டு வீல்பேஸை, அதாவது முன் பின் சக்கரத்துக்கு நடுவே உள்ள தூரத்தை, 85 மில்லிமீட்டர் நீட்டி ஏ.டி.எஸ்.-எல் என்று விட்டார்கள். அமெரிக்காவுக்கு அந்த 85 மில்லிமீட்டர் வரவே இல்லை.

இந்த 85 மில்லிமீட்டரின் மதிப்பு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு சின்ன சொகுசுக் கார் இருந்தது, எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தபோது அதில் ஏர்போர்ட்டுக்குப் போனேன். அம்மா முன்னால், அப்பா எனக்குப் பின்னால். முழங்கால் என் முதுகில் குத்துகிறது, மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கி, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. நீயும் அவளும் மட்டும் போறதுக்கு வாங்கினதாப்பா?" என்றார். விலையைச் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு சியன்னா வேன் பார்க்கப் போனோம்.

கொழுத்த எஞ்சினும் நூர்புர்கிரிங்கும் அப்பாவின் முழங்காலிடம் தோற்ற கதை இது. சீட்டு செய்கிறவன் வீட்டிலேயே.

மார்ச் 1

ஒரு சின்ன எரிச்சல். 2014-ல் காடிலாக் தன் தலைமையகத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. மன்ஹாட்டனில் சோஹோ. கீழ்த்தளத்தில் காபிக் கடையும் கலைக் கண்காட்சியும். சில வருஷத்தில் மிச்சிகனுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு எஸ்கலேடை நிறுத்த இடம் தேடி நாலு தெரு சுற்ற வேண்டிய ஊரில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் ஒரு நல்ல சின்னக் கார் யோசனை ஜன்னல் வழியாக உள்ளே வரவில்லையே என்பதுதான் என் ஆச்சரியம்.

யோசனை 2010-லேயே வந்தது என்று திருத்துகிறார் கியர்ப்பெட்டி. உண்மை. லாஸ் ஏஞ்சலஸ் ஷோவில் அர்பன் லக்சுரி கான்செப்ட் என்று ஒன்று காட்டினார்கள். நாலு மீட்டருக்கும் குறைவு, ஒரு லிட்டர் டர்போ, மேலே தூக்குகிற கதவு, நாலு பேர். லிங்கனும் அதற்கு முந்தைய வருஷம் சி என்று ஒரு குட்டி கான்செப்ட் காட்டியது. இரண்டும் மேடையை விட்டு இறங்கவில்லை.

மார்ச் 9

கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன், தலைப்பை விட்டு விலகுகிறேன். இங்கே பான்டியாக் என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்தப் பெயரில்தான் கார் வந்தது. அங்கே கருமாரி அம்மன் இருக்கிறாள். 2009-ல் ஜி.எம். திவாலானபோது பான்டியாக் பிராண்டை இழுத்து மூடினார்கள். ஊரில் அந்தப் பெயரோடு கார் செய்கிற ஆலை இல்லை, அம்மன் இருக்கிறாள், பொங்கல் சூடாகக் கிடைக்கிறது.

பார்க்கிங்கில் நம் ஆட்கள் காரை எண்ணிப் பார்த்தேன், கெட்ட பழக்கம். ஹோண்டா, டொயோட்டா வேன்கள். டெஸ்லா ஏராளம். ஜி.எம்.மில் வேலை பார்க்கிறவர்களின் சலுகை விலை செவர்லேக்கள். காடிலாக் ஒன்றிரண்டு, அதுவும் பெரிய எஸ்.யு.வி. ஜெர்மன்காரனின் சின்ன செடானில் வந்தவர்கள் எல்லாரும் கல்யாணமாகாத பையன்கள். கியர்ப்பெட்டிக்கு வயது என்ன என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 10

29 என்கிறார். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். வாழ்த்து. சீக்கிரம் வாங்கிவிடுங்கள்.

மார்ச் 30

இந்த இழையில் எல்லாரும் (நானும்) சின்னக் கார் என்றால் சின்ன வயசு என்றே பேசிக்கொண்டிருந்தோம். கம்பெனிகளும் நாற்பது வருஷமாக அதையே பேசுகின்றன. இளைஞனைச் சின்னதில் பிடி, வளர வளரப் பெரியது விற்கலாம். சிமரான் வாங்க வேண்டிய ஆள் அவன்தான். 97-ல் ஓப்பல் ஒமேகாவைக் கொண்டுவந்து கேட்டெரா என்று விற்றபோது கார்ட்டூன் வாத்தை வைத்து விளம்பரம் செய்ததும் அவனுக்காகத்தான். அந்த இளைஞன் ஒரு தடவையும் வரவில்லை. அவன் பி.எம்.டபிள்யூ. கடையில் இருந்தான்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள். எழுபதைத் தாண்டியவர், ஜி.எம்.மில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. வீட்டில் பழைய டெவில். பனிக்காலத்தில் கராஜிலிருந்து பின்னால் எடுக்கும்போது நான் போய் நின்று கை காட்டுவேன். வேறு வாங்கலாமே என்றேன் போன வாரம். வாங்க ஆசைதானாம். காசும் இருக்கிறதாம். டீலரிடம் போனால் ஏணி போட்டு ஏறுகிற எஸ்.யு.வி.யைக் காட்டுகிறான், இல்லாவிட்டால் தரையோடு தரையாக உட்கார வைக்கிற ஸ்போர்ட்ஸ் செடானைக் காட்டுகிறான், எனக்கு இடுப்பு உயரத்தில் கதவு திறக்கிற, கராஜில் நிம்மதியாக நுழைகிற, உள்ளே பழைய காடிலாக் மாதிரி மெத்தென்று இருக்கிற ஒன்று வேண்டும், அப்படி ஒன்றை ஏன் யாரும் செய்வதில்லை என்றார்.

இவர்தான் ஆள். இவருக்கு விலை பொருட்டில்லை, இரண்டாம்தரமாக ஒன்றைக் கொடுத்தால் மட்டும் கோபம் வரும். பின்சீட்டில் இவர் கைப்பைதான் உட்காரும். நூர்புர்கிரிங் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். செவில் செய்தவர்கள் பென்ஸ்காரனை மனதில் வைத்துச் செய்தார்கள் என்றாலும் அந்தக் கார் இந்த அம்மாளுக்குச் சரியாகப் பொருந்தியிருக்கும்.

ஆகவே என் பதிலை இப்படி மாற்றி எழுதுகிறேன். செய்யலாம். வாசற்படியாகச் செய்யக் கூடாது. பெரியதை விற்றுவிட்டு வருகிறவனுக்காகச் செய்ய வேண்டும், விலையும் அதற்குத் தக்கபடி வைக்க வேண்டும்.

ஏப்ரல் 2

சேலத்துக்காரன் உடனே ஈ.எல்.ஆர்.-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். விலையை மேலே வைத்த சின்னக் காடிலாக், ஓடவில்லையே என்று. 2014 மாடல், செவர்லே வோல்ட்டின் உறுப்புகள், இரண்டு கதவு, 75,000 டாலர். மொத்தம் மூவாயிரத்தை எட்டவில்லை.

நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு. அழகான தகடு, அடியில் பாதி விலை வோல்ட். விலையை ஏற்றச் சொன்னேன், காரை ஏற்றாமல் விலையை மட்டும் ஏற்றச் சொல்லவில்லை. இரண்டு கதவில் எங்கள் தெரு அம்மாள் இடுப்பை வளைத்து ஏறவும் மாட்டார்.

ஏப்ரல் 3

"முதியவர்களுக்கான கார் என்று சொன்னால் முதியவர்களே வாங்க மாட்டார்கள்." அருமையான வரி, யார் எழுதியது என்று பெயர் தெரியவில்லை. ஒத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டாம், செய்தால் போதும்.

ஏப்ரல் 6

எக்ஸ்.டி.4 அந்த அம்மாளுக்குச் சரியாக இருந்திருக்காதா என்கிறார் கியர்ப்பெட்டி. உயரம் சரி, நீளம் சரி. ஆனால் அதையும் இளைஞன் வண்டியாகத்தான் விற்றார்கள், காடிலாக் வரிசையின் அடித்தட்டு விலையில். இப்போது அந்த இடத்தில் ஆப்டிக், மின்சாரம், ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். விலையை மேலே கொண்டுபோயிருக்கிறார்கள், சத்தமில்லாத வண்டி வேறு. பழைய காடிலாக் குணம் மின்சாரத்துக்கு நன்றாகவே பொருந்தும். டீலர் அதை அம்மாளிடம் காட்டாததற்குக் காரணம், சார்ஜர் பற்றி அவருக்கு விளக்க அவனுக்குப் பொறுமையில்லை என்பதாக இருக்கலாம். இந்தச் சனிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஏப்ரல் 13

போனோம். சீட்டு உயரம் பிடித்தது. கதவுக் கைப்பிடி உள்ளே போய் ஒளிந்துகொள்வது பிடிக்கவில்லை. திரை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை ஓடுவதைப் பார்த்து, "இதில் படம் பார்த்துக்கொண்டே இடிக்க வேண்டியதுதான்" என்றார். வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், தொழில் புத்தி. தாராளம்.

செப்டம்பர் 6

இழை தூங்கிவிட்டது, ஒரு செய்திக்காக எழுப்புகிறேன். ஃபோர்டு லூயிவில் ஆலையில் சுமார் 200 கோடி டாலர் போட்டு மின்சார பிக்கப் செய்யப் போகிறது, 30,000 டாலர் விலையில் ஆரம்பித்து. அதற்கு இடம் கொடுக்க அங்கே செய்கிற எஸ்கேப்பும் லிங்கன் கார்செயரும் போகின்றன. கார்செயர் லிங்கனின் சின்ன வண்டி. அதுவும் போனால் கியர்ப்பெட்டியின் கேள்வியில் லிங்கன் பெயரையே எடுத்துவிட வேண்டியதுதான். முதலில் போகிறது சின்னதுதான், எப்போதும்.

செப்டம்பர் 7

கியர்ப்பெட்டி திரும்பி வந்திருக்கிறார். கல்யாணம் முடிந்ததாம், புதுசுக்குக் காசில்லை, பழைய ஏ.டி.எஸ். ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். வாங்கலாமா?

வாங்குங்க தம்பி. கூப்பே வேண்டாம், செடான் பாருங்கள். 2.5 லிட்டர் வேண்டாம், 2.0 டர்போ அல்லது 3.6. ஆட்டோமேட்டிக் என்றால் எட்டு கியர் வந்த பிந்தைய மாடல். கையால் கியர் போடுகிற 2.0 கிடைத்தால் யோசிக்காதீர்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து ஓட்டிப் பார்க்கிறேன். நடு டேஷ்போர்டில் தொடுபலகை எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் மாமனாரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்று போங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால், முழங்காலைப் பாருங்கள்.